பட்டறைச் சத்தமும் மண்டபத்து மைக்கும்: புகாரை எந்த வாசலில் கொடுப்பது?

சகோதரி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வேலூரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அவருடைய வீடு. பக்கத்து மனையில் கேட், ஜன்னல் கிரில் செய்யும் இரும்புப் பட்டறை. விடிவதற்கு முன்பே இரும்பு வந்து இறங்குகிறது. இரவு பதினோரு மணி வரை அறுக்கும் இயந்திரம் ஓடுகிறது. தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாள் வந்தால் பாட்டுக் கச்சேரி, வாசலில் ஒலிபெருக்கி, சந்தில் ஜெனரேட்டர். வீட்டில் மாமியார் இதய நோயாளி, மகள் பிளஸ் டூ படிக்கிறாள். உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தால் ‘சத்தம் என்றால் போலீஸில் சொல்லுங்கள்’ என்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் ‘பட்டறைக்கு உரிமம் கொடுத்தவர்களைக் கேளுங்கள்’ என்கிறார்கள். பட்டறைக்காரரோ ‘திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய கூத்து நடக்கிறதே, அதைப் போய்க் கேளுங்கள்’ என்று வாயை அடைக்கிறார். பொறுப்பு யாருடையது, பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

யார் பொறுப்பு என்று கேட்டிருந்தாலும், ஒரே மனு ஏன் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே அலைகிறது, அதை எப்படி ஓரிடத்தில் நிற்க வைப்பது என்பதுதான் அவருடைய உண்மையான கவலை என்று நினைக்கிறேன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளில் நகராட்சிப் பணியில் சேர்ந்து, துப்புரவு ஆய்வாளராக இந்தப் பக்கத்து ஊர்களிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட மனுக்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வழக்கறிஞர் அல்ல, நீதிமன்றம் வரை போவதானால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு அலுவலகங்களும் உங்களிடம் பாதி உண்மையைச் சொல்லியிருக்கின்றன. ஒரே மனுவில் பட்டறையையும் மண்டபத்தையும் ஜெனரேட்டரையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படிப்பட்ட மனுவைப் பார்க்கும் எந்த அலுவலரும் தனக்குச் சம்பந்தமில்லாத பாதியைக் காட்டி முழுவதையும் தள்ளிவிடுவார். சத்தம் என்ற பெயரில் உள்ளாட்சியில் தனிப் பிரிவு கிடையாது. சத்தம் எங்கிருந்து வருகிறதோ, அந்த இடத்துக்கு யார் உரிமம் கொடுத்தார்கள், அந்தக் கருவிக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று பார்த்துத்தான் மனு நடக்கும். ஆகவே மூன்று மூலங்களுக்கு மூன்று மனு. மற்றதெல்லாம் இதன் விவரம்தான்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ம் ஆண்டு பிப்ரவரியில், 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. அமைதி மண்டலத்தில் (மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி அரசு அறிவிக்கும் பகுதி) 50, 40. பகல் என்பது காலை ஆறு முதல் இரவு பத்து வரை, மீதி இரவு. இந்த எண்கள் ஒரு நொடிக்கான உச்சம் அல்ல, ஒரு கால அளவுக்கான சராசரி. ஒருவர் சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி அடித்ததால் மட்டும் விதி மீறப்பட்டதாகாது. அந்த அடி நாள் முழுக்கத் தொடர்ந்தால் சராசரி ஏறிவிடும்.

அதே விதிகளில் புகார் பற்றி இரண்டு வழிகள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். ஒன்று, குறிப்பிட்ட அளவை விடப் பத்து டெசிபலோ அதற்கு மேலோ சத்தம் கூடியிருந்தால் புகார் கொடுக்கலாம். இதற்கு அளவெடுக்க வேண்டும். மற்றொன்று, இரவு நேரத் தடைகள் எதையாவது மீறினால் புகார் கொடுக்கலாம். இதற்கு மீட்டரே வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி பாடினால், அது எத்தனை டெசிபல் என்று யாரும் கேட்கத் தேவையில்லை, பாடியதே மீறல். மண்டபப் புகாரும் பட்டறைப் புகாரும் பிரியும் இடம் இதுதான். மண்டபப் புகார் எளிது, பட்டறைப் புகார் கடினம்.

புகாரை வாங்கி நடவடிக்கை எடுக்கும் அதிகாரியாக அந்த விதிகள் சொல்வது மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாமல் நியமிக்கப்பட்ட அலுவலர் போன்றவர்களை. வேலூரில் காவல் ஆணையரகம் இல்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் துணைக் கண்காணிப்பாளர்கள். மாநகராட்சி ஆணையரோ நகராட்சி ஆணையரோ அந்த வரையறையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ‘போலீஸில் சொல்லுங்கள்’ என்று உள்ளாட்சியில் சொன்னதற்கு இந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் அதே விதிகளில், நகரமைப்பு வேலைகளைச் செய்யும்போது உள்ளாட்சிகள் ஒலி மாசையும் வாழ்க்கைத் தரத்தின் ஓர் அளவாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தனி வரி இருக்கிறது. அதைவிட முக்கியம், பட்டறை நடத்த உரிமம் கொடுப்பது உள்ளாட்சி. கொடுத்த கைக்கு நிபந்தனை போடவும், மீறினால் திரும்ப வாங்கவும் அதிகாரம் உண்டு. ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று பட்டறை விஷயத்தில் அவர்கள் சொல்லவே கூடாது.

எங்கள் காலத்தில் இதை ‘டி அண்ட் ஓ’ உரிமம் என்போம். அபாயகரமான, அருவருப்பான தொழில்களுக்கான உரிமம். 1920-ம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி கொடுத்தது. 2023 ஏப்ரல் முதல் 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. இப்போது பொதுவாக வணிக உரிமம் என்கிறார்கள். இயந்திரம் வைக்கத் தனி அனுமதி வேண்டியிருக்கும், மோட்டாரின் குதிரைத்திறனையும் அந்த மனை எந்த உபயோக மண்டலத்தில் வருகிறது என்பதையும் பொறுத்து. நீங்கள் வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் மண்டல அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவுக்கு மனு. 2008-ல் மாநகராட்சியான பிறகு சத்துவாச்சாரி, காட்பாடி போன்ற பக்கத்து ஊர்களும் உள்ளே வந்துவிட்டன. குடியாத்தம், பேரணாம்பட்டு என்றால் நகராட்சி ஆணையர். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர், திருவலம் என்றால் பேரூராட்சிச் செயல் அலுவலர். கிராம ஊராட்சியானால் 1994-ம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். தலைவருக்கு மனு, நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி). ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியருக்கும் அங்கே தனி அதிகாரம் உண்டு. முகவரியில் வேலூர் என்று இருப்பதால் மட்டும் மாநகராட்சி என்று நினைத்துவிடாதீர்கள். சொத்து வரி ரசீதில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மனு தபால் பிரிவில் எண் போடப்பட்டு, அந்த வார்டைப் பார்க்கும் ஆய்வாளரிடம் வரும். அவர் இடத்தைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையில் உரிமம் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா, இயந்திர அனுமதி எத்தனை குதிரைத்திறனுக்கு, இப்போது ஓடுவது எத்தனை, அக்கம்பக்கத்து வீடுகள் எவ்வளவு தூரம் என்ற விவரங்கள் இருக்கும். அதன் பேரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். விளக்கம் கேட்காமல் பூட்டுப் போட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே முதல் வாரத்திலேயே பட்டறை மூடப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆய்வுக்குப் பெரும்பாலும் பகல் பதினோரு மணி வாக்கில்தான் ஆள் வருவார். அந்த நேரத்தில் பட்டறையில் சத்தம் இருந்தாலும் தெருவின் இரைச்சலில் அது பெரிதாகத் தெரியாது. உங்கள் தொல்லை இரவு ஒன்பதுக்கு என்றால், மனுவிலேயே ‘இரவு 8.30-க்கு மேல் ஆய்வு செய்யக் கோருகிறோம்’ என்று எழுதுங்கள். எழுதியிருந்தால் அலுவலர் தட்டிக்கழிப்பது கடினம். அறிக்கையில் ஏன் அந்த நேரத்தில் போகவில்லை என்று மேலதிகாரி கேட்பார்.

மனு எழுதும் விதத்தையும் சொல்ல வேண்டும். ‘தாங்க முடியாத சத்தம், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்’ என்று எழுதப்பட்ட மனுக்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதோ இப்படி எழுதினால் வேறு: ‘பட்டறையின் மேற்குச் சுவருக்கும் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கும் இடையே பன்னிரண்டு அடி. திங்கள் முதல் சனி வரை மாலை 6 மணி தொடங்கி இரவு 11 மணி வரை இரும்புக் குழாய் அறுக்கும் வட்ட இயந்திரம் வாசல் திண்ணையில் வைத்து இயக்கப்படுகிறது. காலை 5 மணிக்கு லாரியிலிருந்து இரும்புப் பட்டைகள் சிமென்ட் தரையில் போடப்படுகின்றன. உரிமம், இயந்திர அனுமதி உண்டா என்று ஆய்வு செய்து, வேலை நேரத்தை வரையறுத்து, இயந்திரத்தை உள்ளறைக்கு மாற்ற நிபந்தனை விதிக்கக் கோருகிறோம்.’ இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆய்வாளர் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் எழுதியாக வேண்டும். ‘மூட வேண்டும்’ என்று கேட்காமல் ‘நிபந்தனை விதியுங்கள்’ என்று கேட்டிருப்பதையும் கவனியுங்கள். பட்டறையில் நாலைந்து பேர் பிழைக்கிறார்கள் என்பது அலுவலருக்கும் தெரியும். மூடச் சொல்லும் கோப்பில் கையெழுத்துப் போடத் தயங்குவார், நேரத்தைக் குறைக்கும் கோப்பில் தயங்க மாட்டார்.

ஒரு நகராட்சியில் நான் பார்த்த பட்டறைப் புகார் ஒன்று நினைவுக்கு வருகிறது. தெருவார் எல்லோரும் இயந்திரத்தைத்தான் குற்றம் சொன்னார்கள். விடியற்காலையில் போய் நின்று பார்த்தபோது, அவர்களை எழுப்பியது இயந்திரம் அல்ல, லாரியிலிருந்து இறங்கும் இரும்பு. இருபதடி நீளப் பட்டையை ஒருவர் தோளிலிருந்து சரித்துவிடுகிறார். அது தரையில் விழுந்து இரண்டு முறை துள்ளுகிறது. அந்த ஒலி சுவரில் பட்டுத் தெரு முழுக்க ஓடுகிறது. அரிசி ஆலையில் கழித்துப்போட்ட பழைய ரப்பர் பெல்ட்டை வாங்கித் தரையில் விரிக்கச் சொன்னோம். இரும்பைச் சாய்த்து வைக்க மரக்கட்டை பதித்த தாங்கி, காலை எட்டு மணிக்கு முன் லாரி வரக் கூடாது, அறுக்கும் இயந்திரம் பின்னறையில், இரவு எட்டுக்கு மேல் வெல்டிங் மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பட்டறைக்காரருக்குப் பெரிய செலவில்லை. தெருவிலிருந்து அதன் பிறகு மனு வரவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், எந்தச் சத்தம் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று ஒரு வாரம் நேரத்தோடு குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு செயல்களில்தான் தொல்லை முழுவதும் இருக்கும். அவற்றை மட்டும் குறிவைத்தால் எதிர்த்தரப்பும் இணங்கிவரும்.

கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி இருக்கிறதே, அது சாட்சியாகுமா என்று பலர் கேட்பார்கள். ஆகாது. ஒவ்வொரு கைப்பேசியின் மைக்கும் ஒவ்வொரு விதம், அளவுதிருத்தம் செய்யப்படாதது. நாள்குறிப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சட்டப்படி செல்லும் அளவீடு வேண்டுமானால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத வேண்டும். உள்ளாட்சியே அளவெடுத்துத் தரும்படி வாரியத்துக்குக் கடிதம் எழுதலாம், மனுவில் அதையும் கோருங்கள். ஒரு எச்சரிக்கை: பரபரப்பான சாலையை ஒட்டிய வீடானால், பட்டறை மூடியிருக்கும்போதே 55 டெசிபலைத் தாண்டிவிடும். அப்போது பட்டறையால் கூடியது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஓடும்போது ஓர் அளவு, நிறுத்தியபோது ஓர் அளவு, இரண்டும் கேளுங்கள்.

இனி மண்டபம். இங்கே காவல் துறைதான் முதல் வாசல். ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூலம் அனுமதி வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை மூடிய அரங்கின் உள்ளே, உள்ளிருப்பவர்களுக்கு மட்டும் என்ற அளவில்தான் பயன்படுத்தலாம். மண்டபத்துக்காரர்கள் ‘எங்களுடையது மூடிய அரங்கம்’ என்பார்கள். கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, பெட்டியை வாசல் பந்தலில் வைத்துவிட்டு அப்படிச் சொன்னால் செல்லாது. பகலிலும்கூட, தனியார் இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான அளவை விட ஐந்து டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. பண்டிகைக் காலத்துக்கு மாநில அரசு பத்து மணியை நள்ளிரவு பன்னிரண்டாக நீட்டலாம், ஆனால் ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மேல் இல்லை. இந்தச் சலுகை கலாசார, மத விழாக்களுக்கானது. ஒருவர் வீட்டு வரவேற்பு அதில் வராது என்பது என் புரிதல்.

இரவு கச்சேரி பத்தைத் தாண்டினால் 112-ஐ அழையுங்கள். காவலர்கள் வந்து ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அரை மணியில் மறுபடி ஏறும். மறுபடி அழையுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் எழுதி வையுங்கள். பிறகு நாலைந்து முகூர்த்தங்களின் பட்டியலோடு காவல் ஆய்வாளருக்கு மனு கொடுத்து மனு ரசீது (சி.எஸ்.ஆர்.) கேட்டு வாங்குங்கள், நகல் துணைக் கண்காணிப்பாளருக்கு. ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். இதில் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்தில் நாதசுரமும் தவிலும் ஒலிப்பது விதியின் கண்ணில் இரவுநேரமே. ஆனாலும் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தை நிறுத்த எந்தக் காவலரும் வர மாட்டார், வரச் சொல்லி நானும் ஆலோசனை தர மாட்டேன். நாதசுரத்துக்கு மைக் வைத்துத் தெருவுக்கு விடுவது வேறு விஷயம். அதை மண்டப மேலாளரிடம் முன்கூட்டியே பேசி நிறுத்தலாம். பல மண்டபங்களில் வாடகை ரசீதின் பின்பக்கத்திலேயே ‘பத்து மணிக்கு மேல் மைக் கிடையாது’ என்று அச்சிட்டிருப்பார்கள். அச்சிட்டதை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்பது சண்டையாகாது.

ஜெனரேட்டர் தனிக் கதை. டீசல் ஜெனரேட்டருக்கு 2002 முதல் தனி வரம்பு இருக்கிறது: 1000 கேவிஏ வரை உள்ள புது இயந்திரங்கள் ஒலியடக்கக் கூண்டோடு வர வேண்டும்; கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. சந்தில் கூண்டின் கதவைத் திறந்து வைத்து ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். சூடு தாங்காது என்று பலர் அப்படித்தான் செய்வார்கள். வாடகைக்கு வரும் வண்டி ஜெனரேட்டர் என்றால் அதை மண்டபத்தின் மறுபக்கம் நிறுத்தச் சொல்வதே பாதித் தீர்வு. இதற்கு மனு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மண்டபத்துக்கு 1965-ம் ஆண்டுச் சட்டப்படியான பொதுக் கட்டட உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாள், முப்பது நாளில் பதில். பட்டறைக்கும் அதேபோல உரிமத்தின் நகல், நிபந்தனைகள், உங்கள் மனுவின் மீதான கள ஆய்வு அறிக்கை மூன்றையும் கேளுங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் கோப்பை எழுப்ப இதைவிட நல்ல வழியை நான் பணிக்காலத்தில் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர் எழுப்பிய கூத்துக் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னதில் சட்டப்படி உண்மை இருக்கிறது. ஒலிபெருக்கி வைத்து விடிய விடிய நடத்துவதை விதிகள் அனுமதிக்கவில்லை. 2010 திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவிகளும் இரவுத் தடையில் சேர்ந்துவிட்டன. மற்றவர்களின் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அதை வைத்துத் தன் பட்டறையை அவர் நியாயப்படுத்த முடியாது. ஒரு மீறல் இன்னொரு மீறலுக்கு உரிமம் ஆகாது. தவிரவும், நம் பக்கத்தில் பகலில் பாரதம் படித்து, இரவில் கூத்தாடி, படுகளம் முடிந்து தீமிதியோடு நிறைவுபெறும் திருவிழா ஆண்டில் சில நாள்கள். ஊரே முன்கூட்டி அறிந்தது, ஊரே சேர்ந்து நடத்துவது. ஆண்டு முழுக்க ஒருவர் லாபத்துக்காக ஓடும் இயந்திரத்தை அதோடு ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூத்தில் தொல்லை தருவது பெரும்பாலும் கூத்தாடுபவரின் குரல் அல்ல. ஆட்டக்களத்துக்கு அரை மைலுக்கு அப்பால் மின்கம்பங்களில் கட்டிய கூம்புக் குழாய்கள். அவற்றை அவிழ்த்துவிட்டு, பார்ப்பவர்களை நோக்கி இரண்டு பெட்டி மட்டும் வைக்கும்படி விழாக் குழுவிடம் கொடியேற்றத்துக்கு முன்பே பேசினால் கேட்பார்கள். கூத்து தொடங்கிய பிறகு போய்ப் பேசினால் கேட்க மாட்டார்கள்.

உள்ளாட்சியும் காவல் துறையும் அசையவில்லை என்றால் அடுத்த வாசல் கோட்டாட்சியர். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ம் பிரிவு; 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ம் பிரிவு. பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் அது. பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்டு, உத்தரவை உறுதிசெய்வார் அல்லது கைவிடுவார். வேலூர் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என்று இரண்டு கோட்டங்கள். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ‘பொதுத்’ தொல்லையாக இருக்க வேண்டும். உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் அது தனித் தொல்லை. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க வேண்டும். எதிர்வீடு, பின்வீடு, மாடிக் குடித்தனம் என்று ஐந்தாறு வீடுகள் கையெழுத்திட்டால் கோட்டாட்சியர் முன் மனு நிற்கும். தண்டனை பற்றிப் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள்: பொதுத் தொல்லைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். நிறுத்தும்படி உத்தரவு போட்ட பிறகும் தொடர்ந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம் என்று உயரும். அந்த உத்தரவை வாங்குவதில்தான் வலு இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் வரை அபராதத்துக்கு இப்போது இடமிருக்கிறது என்றாலும், ஒரு தெருப் பட்டறைக்கு அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்; முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் பதிவு செய்யலாம். ஆனால் இரண்டுமே மனுவை மறுபடி அதே உள்ளாட்சிக்கும் அதே காவல் நிலையத்துக்கும்தான் அனுப்பிவைக்கும். கீழே ஏற்கெனவே ஒரு மனுவும் ரசீதும் இருந்தால், மேலிருந்து வரும் கடிதம் அதைத் தள்ளிவிடும். கீழே ஒன்றும் இல்லாமல் மேலே போனால் சுற்றுதான் மிச்சம். செலவுக்கு அஞ்சினால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

பட்டறை வீட்டு மின் இணைப்பில் ஓடுகிறதா என்று பார்த்து மின்வாரியத்தில் சொல்லுங்கள் என்று சிலர் உங்களுக்கு யோசனை சொல்வார்கள். வலுவான ஆயுதம்தான், பழைய கணக்கெல்லாம் பார்த்துப் பெருந்தொகை கட்டச் சொல்வார்கள். ஆனால் அதனால் சத்தம் குறையாது, பகை மட்டும் கூடும். வேலை நேரம் பற்றிப் பேசவே மறுக்கிறார் என்றால் தவிர அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. கட்டுமான இயந்திரங்களை இரவில் குடியிருப்புப் பகுதியில் இயக்க விதிகள் தெளிவாகத் தடை செய்கின்றன. கிரில் பட்டறையின் அறுக்கும் இயந்திரம் ‘கட்டுமான இயந்திரம்’ ஆகுமா என்பது வாதத்துக்கு உரியது. அதனால்தான் பட்டறைக்கு இரவுத் தடையை நம்பாமல் உரிம நிபந்தனையைப் பிடிக்கச் சொல்கிறேன். மாமியாரின் மருத்துவச் சான்றிதழை இணைத்தால் மனு முன்னுரிமை பெறும், ஆனால் அவருக்காக டெசிபல் வரம்பு தாழாது. வீட்டருகே மருத்துவமனை இருந்தால் நூறு மீட்டர் அமைதி மண்டலம் தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2017 திருத்தத்துக்குப் பிறகு அரசு அறிவிக்கை செய்த இடம்தான் அமைதி மண்டலம். எத்தனை நாளில் தீரும் என்பது அந்த வார்டின் ஆய்வாளரையும், எத்தனை வீடுகள் கையெழுத்திடுகின்றன என்பதையும் பொறுத்தது.

கடைசியாக, பெயர் தெரியாமல் கொடுப்பது பற்றி. மொட்டை மனுவுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. பெயரும் முகவரியும் இல்லை என்று குறிப்பெழுதி முடித்துவிடுவார்கள். 112-ல் அழைக்கும்போது பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரே தெருவில் யார் அழைத்தது என்று ஊகிப்பது எளிது. குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள். இல்லையென்றால் வார்டு உறுப்பினர் வழியாகப் பகுதி சபையிலோ, கிராமமானால் கிராம சபையிலோ எழுப்புங்கள், பதிவேட்டில் தெருவின் பெயர்தான் ஏறும். கோட்டாட்சியர் காவல் துறையின் அறிக்கையை வைத்தும் விசாரணையைத் தொடங்கலாம். அப்படியானால் மனுதாரராக நீங்கள் முன்னால் நிற்க வேண்டியதில்லை. ஆனால் விசாரணை என்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் ‘ஆம், இந்த நேரத்தில் இந்தச் சத்தம் வருகிறது’ என்று நேரில் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை மனு கொடுப்பதற்கு முன்பே அந்த ஐந்தாறு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். முடிந்தால் ஒருவர் அல்ல, இரண்டு பேராக இருக்கட்டும்.